பராக்கும் பார்வையும்

"பராக்குப் பார்க்காதே!" என்ற கட்டளை யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் நாளொன்றுக்கு எத்தனை முறை ஒலிக்கின்றது என்று கணக்கெடுத்தவர் இலர். பேச்சு வழக்கில் 'பிராக்கு' என்று திரிந்துவிட்ட இச்சொல்லினுள் ஒரு குற்றச்சாட்டும் ஒரு தத்துவமும் அடங்கியுள்ளன. கவனம் என்பது மாணவனின் உடைமை. அதனைக் கரும்பலகையில் வைப்பதும் யன்னலுக்கு வெளியே நிற்கும் பனையில் வைப்பதும் அவனுடைய விருப்பம். ஆகவே தவறான இடத்தில் வைத்தவன் தண்டனைக்கு உரியவன் என்பதே அத்தத்துவம். தேர்ச்சி அறிக்கைகளில் 'கவனக்குறைவு' என்று எழுதும் ஒவ்வொரு பேனாவும் இதனை ஏற்றுக்கொண்டே எழுதுகின்றது.

இத்தத்துவம் சரியானதுதானா? பெரும்பாலான மாணவர் விடயத்தில் இக்கேள்வியை எழுப்பாமலே காலத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் மனச்சிதைவு நோய்க்கு ஆளானோர் முன்னிலையில் அது தப்பமுடியாத ஒழுக்கவியற் கேள்வியாகி நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றனர். பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலுமே அது பெரும்பாலும் தலைகாட்டுகின்றது. உயர்தர வகுப்பின் வாங்குகளிலும் பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் அமர்ந்திருக்கும் வயது அது. எனவே இது மருத்துவருக்கு மட்டுமே உரிய விடயமென்று ஆசிரியரும் மாணவரும் ஒதுங்கிவிட முடியாது.

இந்நோயைப் பற்றி நம்மவர் அறிந்தவை இரண்டு. நோயாளிக்கு இல்லாத குரல்கள் கேட்கும் என்பது ஒன்று. அது பெரும்பாலும் உண்மை. ஒருவரே இருவராகப் பிளந்து நடமாடுவார் என்பது மற்றொன்று. அது திரைப்படங்கள் கற்பித்த பொய். காதைப் பற்றி இவ்வளவு பேசப்பட்ட இந்நோயில் கண்ணைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆனால் அறிவியல் இந்நோயைக் கண்ணின் வழியாக ஆராயத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

1908ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து மருத்துவர் ஒய்கன் புளொய்லர், பேர்லின் நகரில் ஆற்றிய உரையொன்றில், இந்நோய்க்கு இன்று மருத்துவ உலகம் வழங்கும் கிரேக்கப் பெயரை முன்வைத்தார். மனம் பிளவுறல் என்பது அதன் பொருள். அதே ஆண்டில் அமெரிக்காவில் டீபென்டோர்ப், டொட்ஜ் என்னும் இருவர் இத்தகைய நோயாளரின் கண்ணசைவுகளை ஒளிப்படமுறையிற் பதிவுசெய்து வெளியிட்டனர். மெதுவாக அசையும் ஒரு பொருளைத் தொடரும்போது நமது கண் தடங்கலின்றி அதனுடன் செல்லும். அந்நோயாளரின் கண்களோ பின்தங்கின, பின்னர் தாவிப் பிடித்தன, மீண்டும் பின்தங்கின. புளொய்லரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. கண்ணசைவைப் பற்றிய செய்தி அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 1973இல் பிலிப் ஹோல்ஸ்மனும் அவருடைய கூட்டாளிகளும், ஊசற்குண்டு ஒன்றை நோயாளர் கண்ணாற் பின்தொடரச் செய்து, அதனை மீளவும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர். மறு ஆண்டில் அவர்கள் மேலும் வியப்பான ஒன்றைக் கூறினர். நோய் சிறிதும் இல்லாத நெருங்கிய உறவினர் பலரிடத்தும் அதே தடுமாற்றம் காணப்பட்டது என்பதே அது.

இச்செய்தி ஒழுக்கவியலுக்கு மிகவும் வேண்டியதாகும். கண் தொடர்ந்து செல்லும் அவ்வசைவு நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அசையும் பொருள் எதுவுமின்றி, வெறுஞ்சுவரின் மீது கண்ணை இடமிருந்து வலமாக வழுக்கிச் செல்லுமாறு நகர்த்த முயலுங்கள். கண் துள்ளித் துள்ளியே செல்லும். வாசகர் தம் நண்பர் ஒருவரை முயலச் செய்து அவர் கண்ணைப் பார்த்தும் இதனை அறியலாம். நலமுடையோராலேயே ஆணையிட்டுப் பெறமுடியாத ஒன்றை, நோயுற்றவன் தரவில்லை என்று குறைகூறுவதற்கு எவருக்கு உரிமையுண்டு?

1961இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகர ஆய்வாளர்களான மக்கீ, சப்மன் ஆகியோர் வேறொரு வழியிற் சென்றனர். கருவிகளை நாடுமுன், நோயின் தொடக்க நிலையிலிருந்த இளைஞரை அமரச் செய்து அவர்கள் சொல்வதைக் கேட்டனர். அவ்விளைஞர் கூறியவற்றின் சாரம் நமது வகுப்பறைத் தத்துவத்தைத் தலைகீழாக்குவதாகும். அவர்கள் எதையும் கவனியாதவர் அல்லர்; எல்லாவற்றையும் கவனிக்க நேர்ந்தவர்கள். பேசுவோரின் சொல், அவர் சட்டையின் நிறம், சுவரில் அசையும் நிழல், வெளியே செல்லும் வண்டி யாவும் ஒரே வலிமையுடன் ஒரே கணத்தில் உள்ளே புகுந்தன. நமக்கெல்லாம் வாயிலிலே ஒரு படலை உண்டு. வேண்டாதவற்றை அது நாம் அறியாமலே வெளியே நிறுத்திவிடுகின்றது. அவர்களுக்கோ படலை கழன்றுவிட்டது. பராக்கு என்று வெளியிலிருந்து நாம் காண்பது, உள்ளிருப்போனுக்கு வெள்ளமாக இருக்கின்றது.

இதனினும் ஆழமான ஓர் உண்மை பின்னர் வெளிப்பட்டது. சிறுவர் அணியும் முகமூடி ஒன்றை எடுத்து, அதன் உட்புறம் நம்மை நோக்குமாறு சில அடி தூரத்தில் நிறுத்திவைத்தால், அங்கிருப்பது குழி என்று தெரிந்திருந்தும் நமக்கு மூக்கு வெளியே துருத்திய ஒரு முழு முகமே தெரியும். பிறந்த நாள்முதல் ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய மூளை, முகமென்றால் புடைத்துத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, கண் கொணரும் சான்றைத் தள்ளுபடி செய்துவிடுகின்றது. மனச்சிதைவு நோயாளரை இச்சோதனைக்கு உட்படுத்திய ஆய்வுகள், அவர்கள் இம்மயக்கத்துக்கு நம்மைப்போல் எளிதில் ஆளாவதில்லை என்று காட்டின. யேர்மனியின் ஹனோவரிலும் இலண்டனிலுமாக நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு இவற்றுள் பேர்பெற்றது. குழியை அவர்கள் குழியாகவே கண்டனர்.

2005இல் இலண்டனில் ஸ்டீவன் டேக்கினும் பிறரும் செய்த சோதனையும் இவ்வகையினதே. கறுப்பும் வெள்ளையும் கடுமையாகக் கலந்த பின்னணியின் நடுவே மங்கலான வட்டம் ஒன்றை வைத்தால், சுற்றியிருப்பதன் வலிமையால் அது உள்ளதைவிட மங்கலாக நமக்குத் தோன்றும். நோயாளர் அதனை நம்மினும் சரியாக மதிப்பிட்டனர். சூழல் அவர்களை ஏமாற்றவில்லை.

இவ்விடத்தில் நம்முள் சிலர் துள்ளியெழக்கூடும். பைத்தியக்காரனே உண்மையைக் காண்கிறான். சமூகமே பைத்தியம் என்ற முழக்கம் இளைஞரைக் கவர்வது. ஆர். டி. லெயிங் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1960களில் ஏறத்தாழ இதனையே எழுதிப் பெரும் புகழ் பெற்றார். குடும்பமும் சமூகமும் மனிதனை எவ்வாறு நசுக்குகின்றன என்று அவர் காட்டியதை நாம் மதிக்கின்றோம். ஆனால் நோயையே ஞானமாக்கும் வேலையை ஏற்பதற்கில்லை. முகமூடியின் குழியைச் சரியாகக் கண்ட அதே மனிதர், எதிரே இருக்கும் தாயின் முகத்தில் ஓடும் உணர்ச்சியைப் படிக்க முடியாமல் தவிக்கின்றார். சிதறிய கோடுகளை இணைத்து உருவமொன்றைக் காணும் சோதனையிலும் அவர் பின்தங்குகிறார். பின்னணியின் ஏமாற்றிலிருந்து விடுபட்டவர், பின்னணி தரும் உதவியையும் இழந்து நிற்கின்றார். இது விடுதலை அன்று. இரவெல்லாம் உறங்காது, வேலிக்கப்பால் நின்று எவரோ தன்னைப் பார்க்கிறார் என்று நடுங்கும் இளைஞனை ஒருமுறையேனும் அருகிருந்து கண்டவர் அத்துன்பத்தைக் கவிதையாக்கத் துணியார்.

அவ்வாறாயின் இச்சோதனைகள் உணர்த்துவதுதான் யாது? நலமுடைய கண் உள்ளதை உள்ளவாறு காண்பதன்று என்பதே. நமது மரபில் இவ்விடயம் புதிதன்று. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் படிகளால் வகுத்தபோது கண்ணை நான்காம் அறிவாகவும் மனத்தை ஆறாம் அறிவாகவும் வைத்தார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் காட்சியை ஆராயும்போது, ஐயமும் திரிவும் காட்சியோடு ஒட்டிவருவதை எடுத்துக்கொள்கின்றார். ஏதோ ஒன்று உளது என்ற அளவில் நிற்கும் நிருவிகற்பக் காட்சியையும், பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்பவற்றோடு கூடிய சவிகற்பக் காட்சியையும் அவர் பிரித்துக் காட்டுகின்றார். சமயத் தேவைக்காக எழுந்த ஆராய்ச்சி என்று இதனை ஒதுக்கிவிடும் முற்போக்காளர் சிலர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 'ஏதோ ஒன்று' என்ற நிலையிலிருந்து 'இது இன்னது' என்ற நிலைக்குக் காட்சி ஏறிவரும் படிக்கட்டு ஒன்று உண்டு என்று அவர்கள் கண்டது பெரிய விடயம். அப்படிக்கட்டிலேதான் இந்நோய் மனிதரை இடறச் செய்கின்றது. நான்காம் அறிவுக்கும் ஆறாம் அறிவுக்கும் இடையே நாம் போட்ட எல்லைக்கோடு, ஆய்வுகூடத்தில் அழிந்துபோகின்றது. மூளையின் பார்வைப் பகுதி பழுதுற்றுப் பிறவியிலேயே பார்வையிழந்தோரிடம் இந்நோய் காணப்படுவதில்லை என்றுகூடச் சில ஆய்வாளர் கூறுவர். மேற்கு அவுஸ்திரேலியாவிற் பிறந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், அவ்வாறு பார்வையிழந்த 66 பேருள் ஒருவருக்கேனும் இந்நோய் வரவில்லை. தொகை சிறிது, முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் கண்ணும் மனமும் எவ்வளவு நெருங்கிப் பின்னியவை என்பதை அது எண்ணச் செய்கின்றது.

'இது இன்னது' என்று சொல்லவைக்கும் அறிவு எங்கிருந்து வருகின்றது? ஒருவர் தனித்துத் தேடியதன்று அது. 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில், மனிதனின் ஐம்புலன்களும் மனிதகுல வரலாற்றின் உழைப்பால் உருவானவை என்ற கருத்தைக் கார்ல் மார்க்சு முன்வைத்தார். இசையறியாத செவிக்கு இசை இல்லை என்பது அவர் எடுத்துக்காட்டு. தோட்டக்காரன் ஒருவன் புகையிலைக் கன்றின் இலையில் நோயைக் காண்கின்றான். மாதகற் கடலோரத்து மீனவன் நீரின் நிறத்தில் மீனைக் காண்கின்றான். அவ்விரண்டையும் காணாத நாம் புத்தகத்தில் எழுத்துப்பிழையைக் காண்கின்றோம். எது முக்கியம், எது முக்கியமன்று என்ற தீர்ப்பைக் கூட்டு வாழ்வே கண்ணுக்கு வழங்கியிருக்கின்றது. மனச்சிதைவு நோயாளி இழப்பது கண்ணொளியை அன்று. இத்தீர்ப்பில் அவருக்கிருந்த பங்கை.

ஷிதிஜ் கபூர் என்னும் மருத்துவ அறிஞர், டொரொண்டோவிற் பணியாற்றிய காலத்தில், 2003இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை மூளை வேதியியலோடு இணைத்துக் காட்டினார். ஒரு பொருள் நமக்கு முக்கியம் என்று குறியிடுவதில் டோபமின் என்னும் பொருளுக்குப் பங்குண்டு. அது ஒழுங்கு தவறிச் சுரக்கும்போது ஒன்றுமில்லாதவற்றிலும் முக்கியத்துவத்தின் முத்திரை விழுகின்றது. சந்தியில் நிற்கும் சைக்கிள், கிணற்றடியிற் கவிழ்த்த வாளி, செய்தியறிக்கையில் வந்த ஒரு சொல், யாவும் தனக்கே ஏதோ அறிவிக்கின்றன. மனம் இதற்கு ஒரு காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். அது தேடிக் கட்டும் கதையையே நாம் 'விசர்க் கதை' என்கின்றோம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்நிலை முற்றிலும் அந்நியமானதா? 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் சந்தியில் தனித்து நின்ற சைக்கிள் உண்மையிலேயே ஏதோ ஒன்றை அறிவித்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, மறு ஆண்டில் திரும்பியோர், தம் சொந்த வளவின் புதிதாய்க் கிளறிய மண்ணை மிதிவெடி என்று அஞ்சிப் பார்த்தே அடியெடுத்து வைத்தனர். சுற்றிவளைப்புகளில் ஊரார் வரிசையாக நிறுத்தப்பட, முகம் மறைத்த தலையாட்டி ஒருவன் இரண்டு துளைகளின் வழியே ஒவ்வொருவராகப் பார்த்துச் சென்றான். எல்லாம் என்னைப் பார்க்கின்றன என்ற எண்ணம் அன்று நோயன்று. உயிர் காக்கும் அறிவு. ஓர் ஊரே கூடி அஞ்சியதால் எவரும் தனித்திருக்கவில்லை. மனச்சிதைவு நோயாளி அதே அச்சத்தைத் தன்னந்தனியே, பகிர்ந்துகொள்வார் ஒருவருமின்றிச் சுமக்கின்றார். அவருடைய கதையில் இராணுவமும் புலனாய்வும் வருவதைக் கேட்டு நகைப்போர், அக்கதைக்கு வேண்டிய பொருள்களை இம்மண்ணே கொடுத்தது என்பதை மறந்துவிடுகின்றனர். போர்தான் இந்நோயை உண்டாக்கிற்று என்று நாம் கூறவில்லை. போர் காணாத நாடுகளிலும் இந்நோய் உண்டு.

இனி, நோயாளி நம்மைப் பார்க்கும் விதத்தையும் நாம் அவரைப் பார்க்கும் விதத்தையும் நோக்குவோம். முகமொன்றைக் காணும்போது நமது கண் அம்முகத்தின் விழிகளுக்கும் வாய்க்குமிடையே மீண்டும் மீண்டும் சென்று வருகின்றது. இந்நோயுற்றோர் பலரின் பார்வை குறைந்த இடங்களிலே தங்கி நின்றுவிடுவதையும், கண்ணும் வாயும் போன்ற உணர்ச்சி பேசும் உறுப்புகளைத் தவிர்ப்பதையும் கண்ணசைவுப் பதிவுகள் காட்டியுள்ளன. நமது ஊரிலோ பார்வைக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. பெரியோர் முன் கண் தாழ்த்தினால் அடக்கம். ஆசிரியர் கேள்வி கேட்கும்போது தாழ்த்தினால் கள்ளம். பெண்பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் திமிர். இவ்விலக்கணத்தைக் கொண்டு நோயாளியின் கண்ணைப் படிப்போர் ஒவ்வொரு முறையும் குணக்கேட்டையே கண்டுபிடிப்பர். 'முகத்தைப் பார்த்துக் கதையடா' என்ற அதட்டலுக்குப் பின்னால் உள்ள அறியாமை கொடியது.

நாம் பார்ப்பதோ இரண்டே வகை. ஒன்று வெறித்த பார்வை, மற்றது பாராமுகம். கொழும்புக்கு அருகில் அங்கொடையில் இருக்கும் வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்று வழங்குகின்றது. ஆயினும் அவ்வூரின் பெயரே இந்நாட்டில் ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. பாக்குநீரிணைக்கு அப்பால் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் கொட்டகையொன்று தீப்பற்றியபோது, அங்கே சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓடித் தப்ப முடியாமல் வெந்து மடிந்தனர். இறந்தோர் 28 பேர். தர்காவை நாடி நலம்பெற வந்த ஏழைகள் அவர்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் பணவசதியற்ற குடும்பத்தினரே. வீட்டுக்கு அருகில் மருத்துவமும் கையிற் பணமும் இருந்திருந்தால் அச்சங்கிலிகளுக்கு வேலை இருந்திராது.

சொல்லும் ஒரு சங்கிலிதான். யப்பானியர் 2002இல், மனப்பிளவு என்று பொருள்பட்ட பழைய பெயரைக் கைவிட்டு, ஒருங்கிணைப்புக் குலைவு என்று பொருள்படும் பெயரை ஏற்றனர். கொரியர் பின்னர் இசைக்கருவியின் நரம்புகளைச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதுப்பெயர் அமைத்தனர். தாய்வானில் 2014இல் ஏற்ற பெயர் சிந்தனையும் புலனுணர்வும் ஒழுங்கிழத்தல் என்று பொருள்படுவது. நம்மிடமோ 'சிதைவு' என்ற சொல் இருக்கின்றது. சிதைந்தது திரும்பாது என்ற எண்ணத்தை அது முதல் நாளிலேயே பெற்றோர் உள்ளத்தில் விதைக்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, கலைச்சொல் தேடிய வைத்தியர் கிறீன் வாழ்ந்த மண்ணில், சுருதி என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் தமிழர் இதனைவிட நல்லதொரு பெயரை ஆக்கமுடியாதா? தமிழாசிரியர் சங்கங்கள் பட்டிமன்றம் நடத்தும் நேரத்தில் ஒருபகுதியை இதற்கு ஒதுக்கலாம்.

இதனை நாம் பண்டத்தரிப்பிலிருந்து எழுதுகின்றோம். 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து மேலை மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் இது. உடல் நோய்க்கு வைத்தியரிடம் செல்லும் பழக்கம் இங்கே இரண்டு நூற்றாண்டுப் பழமையுடையது. மன நோய்க்கு இன்றும் முதலிற் செய்யப்படுவது செய்வினை தேடுவதும் பார்வை பார்ப்பிப்பதுமே. கிழக்கே சில மைல் தொலைவில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கின்றது. அங்கே செல்லும் பஸ்ஸில் அயலவர் கண்ணிற் பட்டால் தங்கையின் கல்யாணம் குழம்பிவிடும் என்று அஞ்சிப் பல மாதங்களைக் கடத்தும் குடும்பங்கள் உள்ளன. மருந்தின்றிக் கழியும் அம்மாதங்கள் நீள நீள மீட்சி கடினமாகின்றது என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு.

இவ்வச்சத்துக்கு அடியில் பொருளாதாரமும் இருக்கின்றது. இலங்கையில் முதன்முறை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட மனச்சிதைவு நோயாளரை ஐந்தாண்டு கழித்துத் தேடிச்சென்று பார்த்த நான்சி வக்ஸ்லர், மேற்கு நாட்டு நோயாளரைவிட இவர்களுள் நலமுற்றோர் மிகுதி என்று 1979இல் எழுதினார். பின்வந்தோர் சிலர் இத்தகைய முடிவுகளை ஐயுற்றதும் உண்டு. எனினும் அவர் சுட்டியவற்றுள் ஒன்று நமது கண்முன்னே உள்ளது. கூட்டுக் குடும்பமும் தோட்டமும் இருந்த காலத்தில், நோயிலிருந்து மீள்பவனுக்கு வெங்காயம் நடவும் இறைப்பின்போது வாய்க்கால் கட்டவும் ஓரிடம் இருந்தது. அரை நாள் வேலை செய்தால் அரை நாள் வேலைக்காரன், அவ்வளவே. இன்று தோட்டம் சுருங்கிவிட்டது. சகோதரர் பிறநாடு சென்றுவிட்டனர். இளமையின் மதிப்பு உயர்தரப் பரீட்சையின் மூன்று எழுத்துகளில் எழுதப்படுகின்றது. அவனைப் பார்க்க வேண்டிய முழுப்பொறுப்பும் முதிய தாயின் தலையில் விழுந்துவிட்டது. தமிழில் பார்த்தல் என்பது பராமரித்தலும் ஆகும் என்பதை நாம் மறந்தாலும் அவள் மறக்க முடியாது.

பாடசாலையிலும் ரியூட்டரியிலும் இந்நோயின் முதல் அறிகுறிகள் எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பார்ப்போம். தகரக் கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்திருப்பர். ஒலிபெருக்கியில் இரசாயனம், விசிறிகளின் இரைச்சல், வெண்பலகை நிறைய மூன்று நிற எழுத்துகள். படலை கழன்ற மனத்துக்கு இதனினும் பெரிய சித்திரவதை வேண்டியதில்லை. நேற்றுவரை நன்கு படித்தவன் கொப்பியைத் திறந்தபடி ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நண்பர் வட்டத்திலிருந்து விலகுகிறான், உறக்கம் கெடுகின்றது, பின்வாங்கிற்குப் போகிறான், பின்னர் வராமலே விடுகிறான். வராமல் விட்டவனுக்குப் பதிவேட்டில் ஒரு கோடு விழுகின்றது. அக்கோட்டுக்கு எதிரே காரணம் எழுதுமுன் ஒருமுறை அவன் வீட்டுப் படலைக்குச் செல்ல ஒரு சைக்கிளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். தாயிடம் கேட்க வேண்டியவையும் சிலவே. உறங்குகிறானா, சாப்பிடுகிறானா, எதற்கேனும் அஞ்சுகிறானா, எத்தனை நாளாக இப்படி இருக்கிறான்? தெல்லிப்பழைக்குத் தனியே செல்ல அத்தாய் தயங்கினால் நாமும் உடன் செல்லலாம். பஸ்ஸிற் காண்போர் காணட்டும்.